சிறகடிக்காத நாரை

டோல்னா லூகா
6 மார்ச் 2003

அன்புள்ள டொப்ரின்கா,

உன் பொட்டலம் போன வாரமே இத்தாலியிலிருந்து வருகிற வேனில் வந்து சேர்ந்தது. காப்பித்தூள் அருமை. கம்பளிக் காலுறைதான் சின்னது. கட்டின புருஷனின் கால் அளவு மறந்துபோகும் அளவுக்கு அங்கே உனக்கு அப்படி என்ன வேலையோ. நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக்காரப் பெரியம்மா எப்படி இருக்கிறாள்? இன்னும் உன் சூப்பில் உப்பில்லை என்றுதான் சண்டையா?

மார்ட்டெனிட்சாக் கயிறும் கிடைத்தது. சிவப்பும் வெள்ளையுமாக நீயே திரித்தது என்று பார்த்ததும் தெரிந்தது. கடையில் வாங்கினால் இவ்வளவு முறுக்கு இருக்காது. மார்ச் ஒன்றாம் தேதி காலையில் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கட்டிவிட ஆளில்லை. பல்லால் கடித்துத்தான் முடிச்சுப் போட்டேன். நீ போனதிலிருந்து ஒவ்வொரு மார்ச்சும் இதே கதை.

இப்போது சேதியைக் கேள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே முதல் நாரையைப் பார்த்துவிட்டேன்! பள்ளிக்கூடப் பிள்ளைகளை என் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும்போது, பாப்ளர் மரங்களுக்கு மேலே, கறுப்பாக, பெரிதாக. அதுவும் பறக்கிற நாரை. நிற்கிற நாரையைப் பார்த்தவன் வருஷம் முழுக்கச் சோம்பிக் கிடப்பான், பறக்கிறதைப் பார்த்தவனுக்கு உடம்பு லேசாக இருக்கும் என்று உன் அம்மா சொல்வாளே, அந்த யோகம் எனக்கு. பள்ளிக்கூட வாசல் வரை வண்டியோடு கூடவே வந்தது. பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "எங்க மாமா? எங்க?" என்று ஒரே கத்தல். ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. நாரையைப் பார்த்தால் கயிற்றைக் கழற்ற வேண்டியதுதானே. கழற்றி நம் பிளம் மரத்தில் கட்டிவிட்டேன்.

சாயங்காலம் சாராயக் கடையில் சொன்னால் ஸ்டாமென் சிரிக்கிறான். "நாரை இன்னும் ஆப்பிரிக்காவுல மூட்டை கட்டிக்கிட்டிருக்கு. உனக்கு மட்டும் தனி பஸ்ல வந்துச்சா?" என்கிறான். பொறாமை பிடித்தவன்.

மற்றபடி சுகம்தான். கொஞ்சம் அசதி. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. பிரஷ் புதிது, அதனால் இருக்கும்.

நீ எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ, "நீ வாயேன்" என்பாய். பிறகு இரண்டு பேருக்கும் ஒரு மாசம் கோபம்.

உன்,
ராஷ்கோ


பாதுவா
16 மார்ச் 2003

ராஷ்கோவுக்கு,

நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரித்து அனுப்பிய கயிறு. மூன்று நாள் தாங்கவில்லையா உன் கையில்? ஊரில் மற்றவர்கள் எல்லாம் மாசக் கடைசி வரை கட்டிக்கொண்டு திரிவார்கள். நீ மட்டும் எப்போது கழற்றலாம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயாக்கும். நாரை வந்தது என்று பொய் சொல்லிவிட்டுக் கழற்றினாய் என்றுதான் முதலில் நினைத்தேன். கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, சோறு தின்னாமல் படுத்தேன்.

மறுநாள் மறுபடி எடுத்துப் படித்தேன். ராஷ்கோ, நாரை எப்போதாவது ஏழு கிலோமீட்டர் பஸ்ஸோடு கூடவே வருமா? அது சிறகை அடித்ததா? நீ தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பியதா?

எனக்கு ஏன் இந்தச் சந்தேகம் என்றால், பெரியம்மாவை மாசம் ஒருமுறை கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் முதலில் கேட்பதே இதுதான்: "கண்ணைத் திருப்பினா கறுப்பும் கூடவே வருதா, இல்ல நின்ன இடத்துலயே நிக்குதா?" நின்ற இடத்தில் நின்றால் அது வெளியே இருக்கிற பொருள். கூடவே வந்தால் அது கண்ணுக்குள் இருக்கிறது.

தயவுசெய்து ஒரு காரியம் செய். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, ஒரு கண்ணை மூடு. பிறகு மறுகண்ணை மூடு. என்ன தெரிகிறது என்று எழுது. எழுதக்கூட வேண்டாம், போன் பண்ணு. எனக்குக் கத்திப் பேசப் பிடிக்காது, போனில் பேசுவதெல்லாம் சண்டை மாதிரி இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே.

கயிற்றுக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு.

டொப்ரின்கா


ப்ளோவ்திவ், ஆஸ்பத்திரி
28 மார்ச் 2003

அன்புள்ள டொப்ரி,

போனில் கின்கா உன்னிடம் அழுதுகொண்டே என்னென்னவோ சொல்லியிருப்பாள். என் தங்கையை உனக்குத் தெரியாதா, மழை தூறினாலே வெள்ளம் என்பாள். நடந்ததை நானே ஒழுங்காக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கண்ணால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி குளியலறைச் சுவரைப் பார்த்து நின்றேன். இடது கண்ணை மூடினால், சுவர் நடுவில் நாரை. சிறகடிக்கவில்லை, நகரவில்லை. வலது கண்ணை மூடினால் நாரை போயே போச்சு. சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றே!

கின்காவோடு டவுனுக்கு வந்து கண் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் வெளிச்சம் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தாள். கண்ணாடி எழுதித் தருவாள் என்று நான் காத்திருக்கிறேன். அவள் கேட்கிறாள்:

"பல் ஈறுல எவ்வளவு நாளா ரத்தம் வருது?"

"நான் கண்ணுக்காக வந்தேன் டாக்டர்."

"தெரியும். பேண்டைத் தூக்கிக் காலைக் காட்டுங்க."

காட்டினேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் நீலம் பாரித்திருந்தது. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

"இன்னைக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே," என்றாள். பிறகு நிதானமாக உட்கார்ந்து சொன்னாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில், சரியாக நடுவில், ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டிருக்கிறதாம். அதுதான் என் நாரை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புத் திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளை. "கண்ணுல கோளாறு இல்ல. ரத்தத்துல இருக்கிற கோளாறைக் கண்ணு காட்டிக்குடுக்குது. உடம்பைக் கிழிக்காம ரத்தக்குழாயைப் பார்க்க முடியுற ஒரே இடம் அதுதான்," என்றாள்.

சிவப்பும் வெள்ளையும் என்றதும், "எம் பொண்டாட்டி திரிச்சு அனுப்புனதுதான் டாக்டர்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

லுக்கேமியா. ரத்தப் புற்றுநோய். எழுதிவிட்டேன், இனி அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகி, ரத்தம் கெட்டியாகி, அதை உறையவைக்கிற அணுக்கள் குறைந்து, மெல்லிய குழாய்கள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கசிகிறதாம். நாளை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள்.

என் பஸ்ஸை நகராட்சிக்காரன் ஒரு சின்னப் பையனிடம் கொடுத்திருக்கிறானாம். மூன்றாவது கியரில் அந்த வண்டி முரண்டு பிடிக்கும், அதைத் தட்டித்தான் போடவேண்டும் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை. இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் நாரையைக் காட்டிக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன்,
ராஷ்கோ


ப்ளோவ்திவ், ஆஸ்பத்திரி
14 ஏப்ரல் 2003

அன்புள்ள டொப்ரி,

கையெழுத்து கின்காவுடையது. வாய் என்னுடையது. இப்போது இரண்டு கண்ணிலும் பனிமூட்டம். மருந்து ஏறிய பிறகு, உறையவைக்கிற அணுக்கள் உள்பட, எல்லா அணுக்களின் கணக்கும் ஒட்டுமொத்தமாகக் குறைந்துவிட்டது. அதனால் இடது கண்ணிலும் கொஞ்சம் கசிந்திருக்கிறது. பயப்படாதே, எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். ரத்தம் தேறினால் கண்ணும் தேறும், தெறித்த ரத்தத்தை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்கள்.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். கின்கா படித்துக் காட்டினாள். வராதே. (வா அண்ணி. இது கின்கா.) தலைமுடி கொட்டிவிட்டது. முகம் மாத்திரையால் ஊதிப் பூசணிக்காயாகிவிட்டது. என்னைக் கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்க்க, நான் உன்னைப் பார்க்க முடியாமல் இருக்க, எதற்கு? (இவன் பொய் சொல்கிறான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் "யாரு?" என்கிறான். நர்ஸ் என்றால் முகம் தொங்கிவிடுகிறது.)

கின்கா, நான் சொல்வதை மட்டும் எழுது. (எழுதுகிறேன்.)

சாப்பாடு மோசம். பனிட்சாப் பலகாரம் என்று ஒன்று கொடுத்தார்கள். உள்ளே பாலாடைக்கட்டி இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருந்தது. வேறு சேதி இல்லை.

ராஷ்கோ
(அண்ணி, ரொட்டி சுட்டுக்கொண்டு வா. இவன் கேட்க மாட்டான்.)


பாதுவா
18 மே 2003

என் ராஷ்கோவுக்கு,

ஊரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்ததும், "உன் புருஷன் பிழைச்சானா?" என்று கேட்டாள். பிழைத்தான் என்றேன். "அப்ப சூப்பு வை," என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் கவலை, ஆனால் அன்றைக்கு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்று. வார்டுக்குள் நான் வந்தபோது நீ என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். உனக்குத் தெரியவில்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் நான் ஒரு இருமல் இருமினேன். "டொப்ரி, இன்னுமா அந்த இருமல் போகல?" என்றாய். எனக்கு உயிர் வந்தது.

நீ வேண்டாம் என்று சொன்னாலும் மறுபடி எழுதுகிறேன். உடம்பு தேறியதும் இங்கே வா. கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே இருக்கிற அறையில் உன்னை வைத்துக்கொள்ளப் பெரியம்மாவின் மகன் சரி என்றுவிட்டார். நான் ஊருக்கு வந்து என்ன செய்ய? நான் வேலை பார்த்த தக்காளி ஆலையை மூடிய பிறகு இரண்டு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து உன் பஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. இங்கே என்னைத் தேடுகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள், நான் இல்லாவிட்டால் ஒரு வீடு நின்றுபோகிறது. அதை விட்டுவிட்டு வரச் சொல்லாதே. ஆனால் நீ இல்லாமலும் எனக்கு ஆகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

உன்,
டொப்ரி


டோல்னா லூகா
8 பிப்ரவரி 2004

அன்புள்ள டொப்ரி,

நானே எழுதுகிறேன், நானே படிக்கிறேன்! போனில் நீ நம்பவில்லை, இப்போது எழுத்தைப் பார்த்து நம்பு. நாரை ஒரு நாளில் பறந்துபோகவில்லை. முதலில் கறுப்பு பழுப்பானது. பிறகு மேசை விரிப்பில் தேநீர் கொட்டிய கறை மாதிரி ஆனது. கோடையில் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல். இப்போது அதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் சுத்தம். மாத்திரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் விழுங்க வேண்டும், விழுங்கிவிட்டுப் போகிறேன்.

டவுனில் மருத்துவக் குழு முன்னால் நிறுத்திக் கடைசி வரி வரை எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். போன திங்கட்கிழமையிலிருந்து பஸ் மறுபடி என்னுடையது! பிள்ளைகள் கண்ணாடியில் காகிதப் பூ ஒட்டிவைத்திருந்தார்கள். நமக்கென்று ஒரு பிள்ளை இல்லை என்ற குறை எனக்கு அந்த வண்டியில் ஏறினால் இருப்பதில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

அதனால்தான் டொப்ரி, அந்தக் கொட்டகை அறைக்கு நான் வரமாட்டேன். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மாதிரி வந்து இறங்கி, உன் எஜமானிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. உனக்கு அங்கே இருக்கிறது. என்ன செய்வது?

கோபப்படாதே. குளிராக இருக்கிறது, இருமலுக்குத் தேன் சாப்பிடு.

உன்,
ராஷ்கோ


டோல்னா லூகா
14 நவம்பர் 2004

அன்புள்ள டொப்ரி,

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். கின்காவிடம் சொல்லாதே, வேறு யாரிடமும் மூச்சு விடாதே. என் மேல் ஆணை.

ஒரு வேடிக்கை. பத்துப் பதினைந்து நாளாக வலது கண் சிவந்திருக்கிறது. சீமைச் சாமந்தி போட்டுக் கொதிக்கவைத்த நீரில் கழுவிப் பார்த்தேன், கேட்கவில்லை. நேற்று முகம் மழிக்கும்போது கண்ணாடியில் உற்றுப் பார்த்தால், கருவிழிக்குள்ளே, அடியில், வெள்ளையாக ஒரு படிவு. கிண்ணத்தின் அடியில் தயிர் தங்கியிருக்குமே, அந்த மாதிரி. அந்தக் கண்ணில் பார்வையும் மங்கிவிட்டது. விரலை நீட்டினால் விரல் தெரிகிறது, எத்தனை என்று தெரியவில்லை.

ஆனால் போன மாசம்தான் ரத்தம் பார்த்தார்கள். சுத்தம், துளிகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ரத்தத்தில் இல்லாதபோது அது எங்கிருந்து வரும்? இது வெறும் கண் நோய். நான் போய்ச் சொன்னால் மறுபடி முதுகில் ஊசி, மறுபடி முடி, முதலில் பஸ் போகும். வசந்த காலம் வரை தள்ளிவிட்டேன் என்றால் அதுவே சரியாகிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். பிள்ளைகள் என்னைச் சினிமாக்காரன் என்கிறார்கள்.

வியாழக்கிழமை ஒரு கூத்து. திருப்பத்தில் அந்தச் சின்ன விக்டோரியா இறங்கிவிட்டாள் என்று கதவை மூடி வண்டியை நகர்த்துகிறேன், "மாமா, தூங்குறியா? நான் இன்னும் படியிலதான் இருக்கேன்! என் பை!" என்று ஒரே அலறல். பார்த்தால் பை கதவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு கால் படியில், ஒரு கால் வெளியே. என்ன ஒரு குரல் அந்தக் குட்டிக்கு! பாட்டுக்காரியாகத்தான் வருவாள். நான் மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

சரி, உன் சேதி எழுது.

ராஷ்கோ


பாதுவா
22 நவம்பர் 2004

ராஷ்கோ,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்திருக்கும். யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று நீ ஊரில் யாரையும் திட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான்தான்.

உன் கடிதத்தை வேன்காரன் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தான். நின்ற இடத்திலேயே படித்தேன். விக்டோரியாவின் பை என்ற இடத்துக்கு வந்ததும் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு உன் வலது பக்கம், ராஷ்கோ. அதைப் பார்க்கிற கண்ணாடியும் வலது பக்கம். உனக்குக் கண் இல்லாததும் வலது பக்கம். கூத்து என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைக்குக் குரல் இல்லாமல் போயிருந்தால்?

அன்றைக்கே தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலையில என் புருஷன் கையிலருந்து பஸ் சாவியை வாங்கிடுங்க. அவனுக்கு ஒரு கண்ணு தெரியல," என்றேன். பிறகு கின்காவுக்கும் சொன்னேன். பெரியம்மாவின் கண் டாக்டரிடமும் போய்க் கேட்டேன். நான் தயிர் என்றதுமே அவர் எழுந்து நின்றுவிட்டார். "ரத்தம் சுத்தமா இருந்தாலும் இது வரும். மருந்து உடம்பெல்லாம் போகும், கண்ணுக்குள்ள மட்டும் சரியா நுழையாது. வீட்டையெல்லாம் பெருக்கினாலும் ஒரு மூலைக்கு விளக்குமாறு எட்டாது இல்லையா, அங்கே தங்கிடும். அந்த வெள்ளைப் படிவு சீழா இருக்கணும்னு இல்ல, அந்த அணுக்களாவே இருக்கலாம். இன்னைக்கே போகச் சொல்லுங்க. கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு நரம்புதான் இருக்கு," என்றார்.

"என் மேல் ஆணை" என்றாய். மீறிவிட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

டொப்ரின்கா


டோல்னா லூகா
30 நவம்பர் 2004

டொப்ரின்கா,

பிள்ளைகள் முன்னால், ஊர் முன்னால், அந்தத் தலைமையாசிரியை அம்மாள் வண்டிக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சாவியைக் குடுங்க, ராஷ்கோ," என்றாள். கொடுத்தேன். வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார்கள்.

உன்னை நம்பித்தான் எழுதினேன். வேறு ஒருத்தர் பெயரும் என் நினைவுக்கு வரவில்லை, உன் பெயர்தான் வந்தது. இனி எனக்கு எழுதாதே.

ராஷ்கோ


பாதுவா
9 ஜனவரி 2005

ராஷ்கோவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் தூக்கிப் போடுவதாக இருந்தால் போடு.

கின்கா போனில் எல்லாம் சொன்னாள். கண்ணிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்ததில் அந்த அணுக்கள்தான் இருந்தனவாம். ரத்தத்தில் ஒன்றுகூட இல்லையாம். கண்ணுக்குக் கதிர்வீச்சு வைக்கிறார்கள், முதுகில் ஊசி போடுகிறார்கள், என் பேச்சை எடுத்தால் நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாய். இது கின்கா சொன்னது. கதிர் வைக்கும்போது வலிக்காது, ஆனால் அசையாமல் இருக்க முகத்தைப் பிடித்துவைக்கிற ஒரு மூடி போடுவார்களாமே. உனக்கு அடைத்த இடம் ஆகாது. லிஃப்டில்கூட ஏற மாட்டாய். அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

செய்தது சரியா தப்பா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மறுபடி அதே கடிதம் வந்தால் மறுபடி அதையேதான் செய்வேன். என் மேல் கோபமாக நீ உயிரோடு இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. சில நாள் அதுவும் போதவில்லை, உன் திட்டாவது வராதா என்று இருக்கிறது.

பெரியம்மாவுக்கு ஜலதோஷம். இங்கே பனி இல்லை, வெறும் மூடுபனிதான்.

உன்,
டொப்ரி


பாதுவா
27 பிப்ரவரி 2005

ராஷ்கோ,

கயிறு திரித்து வைத்திருக்கிறேன். வேன்காரனிடம் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று நீ திருப்பி அனுப்பினால் என்னால் தாங்க முடியாது, அதனால்.

ஒரு அங்குலத் துண்டுச் சீட்டு போதும். கண் எப்படி என்று ஒரு வரி.

டொப்ரி


டோல்னா லூகா
17 ஏப்ரல் 2005

டொப்ரிக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபம் ஒரு காரணம். கோபம் மட்டும் காரணம் இல்லை. வலது கண்ணைப் பற்றி உறுதியாக ஒன்று தெரியட்டும் என்று காத்திருந்தேன். தெரிந்துவிட்டது. வெள்ளைப் படிவு போய்விட்டது, நோயும் அங்கே இல்லை. ஆனால் நரம்பு பட்டுவிட்டது. விளக்குப் போட்டால் விளக்கு என்று தெரியும், அவ்வளவுதான். அது திரும்பாது. இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இடதுக்கும் தலைக்கும் போயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். "யாரு உங்களைப் பிடிச்சுத் தள்ளி இங்க அனுப்புனது?" என்று கேட்டார். "பொண்டாட்டி," என்றேன். "பக்கத்துல இருக்காங்களா?" என்றார்.

முகமூடியைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், படித்தேன், எல்லாக் கடிதத்தையும் படித்தேன், கின்கா அந்தப் பக்கம் போனதும். நீ நினைத்தது சரி. முதல் நாள் கத்தி எழுந்துவிட்டேன். அடுத்த நாள் முதல், கண்ணை மூடிக்கொண்டு நம் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வரை வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பமாக, ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிக்கொண்டு. பள்ளிக்கூடம் வருவதற்குள் கதிர் வைத்து முடித்துவிடுவார்கள். அந்தத் திருப்பத்தில் விக்டோரியாவை இறக்கிவிடும் இடம் வந்தால் மட்டும் ஒவ்வொரு நாளும் வியர்த்துக் கொட்டும்.

போன வாரம் டவுனுக்குப் போக அந்தச் சின்னப் பையன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். மூன்றாவது கியரை அவன் தட்டித்தான் போடுகிறான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருபது வருஷம் அந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறேன், ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்ததே இல்லை டொப்ரி. நன்றாகத்தான் இருக்கிறது. இறங்கும்போது அழுகை வந்தது, ஆனாலும் இறங்கினேன். மறுநாள் போய் ஓட்டுநர் உரிமத்தை நானே கொடுத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி இருக்கிறது. அதை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

ஆமாம், நேரில்தான். மூன்று மாசத்துக்கு ஒருமுறை இங்கே வந்து காட்டினால் போதும், நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கொட்டகை அறை இன்னும் காலியாக இருந்தால் சொல்லி வை. இல்லாவிட்டாலும் வருகிறேன், கொட்டகைக்குள்ளேயே படுத்துக்கொள்கிறேன். ஈஸ்டர் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை வேனில் இடம் பிடித்துவிட்டேன். ஓட்டுகிறவன் நம் ஸ்டாமெனின் மருமகன், திருப்பத்துக்குள் போன பிறகுதான் பிரேக்கில் காலை வைக்கிற பயல். வழி நெடுக வாயைத் திறக்க மாட்டேன் என்று கின்காவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நீ அதை நம்பவேண்டாம்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேள். வேன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் என்று சொன்னான். கதவு வண்டியின் வலது பக்கவாட்டில் திறக்கும். நான் இறங்கும்போது நீ பின்சக்கரத்துப் பக்கம் நிற்காதே. அது என் வலது பக்கம், அங்கே எனக்கு எதுவும் தெரியாது. உன்னைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவேன். நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ அங்கேயே நின்று அழுவாய், எனக்கு அதுவும் தெரியாது. முன்சக்கரத்துப் பக்கம் வந்து நில். அது இடது.

ராஷ்கோ